இன்னும் கிளம்பலையா?

வழியனுப்ப வந்தவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் படகு திரும்பி வந்துவிட்டது.

வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இழுத்து வரப்பட்டது. முன்னால் துறைமுகத்தின் இழுவைப் படகு. பின்னால் கயிற்றின் முனையில், காதைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவரப்படும் பிள்ளை மாதிரி, பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு அவர்களுடைய படகு. சுக்கானருகே நின்றிருந்த அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கரையில் அவளுடைய அண்ணன், மகள், மாப்பிள்ளை, மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்த்தவர்கள், கணவரோடு லிஃப்ட் கம்பெனியில் இருந்தவர்கள் எல்லோரும் கையில் காகிதக் கோப்பையோடு அப்படியே நின்றார்கள். சற்று முன்புதான் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையசைத்திருந்தார்கள். மகளின் கண்மை இன்னும் கன்னத்தில் இருந்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன பாப்பா, எதையாச்சும் மறந்து வெச்சுட்டுப் போயிட்டியா?"

அவள் பேரன் பேத்தி எடுக்கிற வயதுக்கு வந்துவிட்டாலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கை முழுக்க டீசல் கறையோடு இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டி, "டீசல் பைப்புல காத்து அடைச்சுக்கிச்சு. வேற ஒண்ணும் இல்லை" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை அண்ணன் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, ஆளுக்கு ஆள் நாலு வார்த்தை பேசி, ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு பீங்கான் பூ ஜாடியைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆடுகிற படகில் பீங்கான் ஜாடியை எங்கே வைப்பது என்று கொடுத்தவர்களும் யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அடிப்பாகத்துக்கு வண்ணம் பூசப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கினால், சுக்கானில் குறுக்கே ஒரு விரிசல். அதைச் சரிசெய்வதற்குள் காற்றின் காலம் மாறிவிட்டது. நாலைந்து மாதம் காத்திருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. குடிவந்தவர்கள் ஜன்னல் திரைச்சீலைகூட மாற்றிவிட்டார்கள். போக இடமில்லாமல் இருவரும் கட்டிப்போட்ட படகிலேயே குடித்தனம் நடத்தினார்கள்.

விடைபெற்றுக்கொண்ட ஊரில் தொடர்ந்து இருப்பது ஒரு தனி அவஸ்தை. காய்கறிக் கடையில் கேட்பார்கள், "இன்னும் கிளம்பலையா?" பேருந்தில் கேட்பார்கள். பல் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லி, பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேட்டார். ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கப் பழைய மருந்துக்கடைக்குப் போனவள், பழக்க தோஷத்தில் கல்லாவின் மடிப்புப் பலகையைத் தூக்கி நேராக உள்பக்கம் போய் நின்றுவிட்டாள். அவளுடைய இடத்துக்கு வந்திருந்த பெண் மரியாதையாக ஒதுங்கி நின்றது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

இந்தப் பயணம் அந்தக் கடையில்தான் ஆரம்பித்தது. மருந்து கம்பெனி ஒன்று கொடுத்த உலகப் படம் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தது. கூட்டமில்லாத மத்தியானங்களில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள், தன்னைக் கூட்டிப்போக வந்த கணவரிடம், "நாம இருக்கறது எல்லாம் ஓரத்துலதாங்க. மிச்சம் பூரா நீலமா இருக்கு. அங்க போயிருக்கணும்" என்றாள். ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். அவர் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், எதையும் ஸ்க்ரூ டிரைவரோடு அணுகுகிறவர். எங்கேயோ ஒரு கொட்டகையில் கிடந்த பழைய பாய்மரப் படகைப் பிடித்துவந்தார். விடுமுறையெல்லாம் அதிலேயே போயிற்று. ஓய்வு பெற்றதும் முழு நேரமும் போயிற்று. பலகை மாற்றினார், வயர் இழுத்தார், படுக்கை செய்தார். நடுக்கடலில் இருக்கும் ஒரு தீவுக்கு முதலில் போவது, அங்கிருந்து அடுத்தது என்று இருவரும் படத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

இழுத்து வரப்பட்ட அன்று சாயங்காலமே இன்ஜின் சரியாகிவிட்டது. மறுநாள் கிளம்பியிருக்கலாம். ஆனால் கிளம்பவில்லை.

"ஜன்னல் ரப்பர் ஒழுகுற மாதிரி இருக்கு" என்றார். மாற்றினார்கள். "தண்ணித் தொட்டியில ஒரு வாடை வருது" என்றார். கழுவினார்கள். பிறகு பின்பக்க விளக்கு. பிறகு ஒரு கயிறு. பிறகு படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப். நல்ல காற்று ஒவ்வொரு நாளும் அவர்களைக் கேட்காமலே கடந்துபோனது.

படகுத்துறையில் ஒரு வெல்டர் இருந்தார். எல்லாப் படகுக்கும் அவர்தான் கம்பி பற்றவைப்பார். ஒரு நாள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மருந்துக்கடை அக்கா, நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். அந்தப் பம்ப்பை என்கிட்ட மூணு தடவை கொண்டுவந்து காட்டிட்டாரு. அதுல ஒரு குறையும் இல்லை."

கணவர் கடைத்தெருவுக்குப் போனதும் உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, பம்ப்பை ஓடவிட்டாள். கடகடவென்று முழுத் தண்ணீரையும் வெளியே துப்பிவிட்டு நின்றது.

மறுநாள் மழை. படகுக்குள்ளே, மடிப்பு மேஜையின் மேல் செய்தித்தாளை விரித்து, பம்ப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"இதுக்கு என்னங்க கேடு?"

"உள்ளே ரப்பர் தேஞ்சிருக்கு."

"நேத்து நீங்க இல்லாதப்ப ஓடவிட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் ஓடுது."

அவர் ஒரு திருகாணியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"பயமா இருக்கா?" என்றாள்.

"எனக்கென்ன பயம்? உனக்குத்தான்..."

"எனக்குப் பயம் இல்லையே."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் திருகாணியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு இன்ஜின் நின்னப்ப நான் கீழே குனிஞ்சு டீசல் பைப்பைக் கழட்டிட்டிருந்தேன். நீ மேலே என்ன பண்ணிட்டிருந்தே?"

"சுக்கானைப் பிடிச்சிட்டிருந்தேன்."

"படகு எந்தப் பக்கம் போயிட்டிருந்துச்சு?"

யோசித்தாள். கரையில் கையசைத்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

"பாறைப் பக்கம். தற்செயலா தலையைத் தூக்கிப் பார்த்தேன், அதனால தப்பிச்சோம். பாயை விரிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல தள்ளிப் போயிருக்கலாம். உனக்குத் தோணலை. சரி, துறைமுகம், இழுவைப் படகு இருந்துச்சு. நடுக்கடல்ல நான் தவறி விழுந்தா? லிஃப்ட் குழிக்குள்ள ஒருத்தன் இறங்கினா மேலே ஒருத்தன் நிக்கணும். சும்மா நிக்கறவன் நின்னா நான் எந்தக் காலத்துலயும் இறங்கினதில்லை."

சும்மா நிக்கறவன். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து, மழைச் சட்டைகூடப் போடாமல் மேல்தளத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் கடையில் நின்றவள், ஒருவருக்கும் மாத்திரை மாற்றிக் கொடுத்தவள் இல்லை. டாக்டர் எழுதியதையே சந்தேகப்பட்டுத் திருப்பியனுப்பியிருக்கிறாள். அவளைப் போய்! கோபத்தில் காது சுட்டது. மழை தலையிலிருந்து முதுகுக்கு இறங்கியது. இறங்க இறங்க, கோபத்துக்கு அடியில் இன்னொன்று தட்டுப்பட்டது. அவர் சொன்னது உண்மை. இந்தப் படகில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அடுப்பும், மருந்துப் பெட்டியும், அவர் சொன்ன திசையில் சுக்கானைப் பிடிப்பதும்தான். பாயை ஏற்றும் கயிறு எது, இறக்கும் கயிறு எது என்று பெயர் தெரியும். கைக்குத் தெரியாது.

சொட்டச் சொட்ட இறங்கி வந்தாள்.

"என்னைச் சும்மா நிக்க வெச்சது யாரு? நான் ஒரு கயித்தைத் தொட்டா போதும், 'இங்க குடு, இங்க குடு'ன்னு பிடுங்கிக்கறது யாரு?"

அவர் பம்ப்பின் துண்டுகளைச் செய்தித்தாளின் ஓரத்துக்கு ஒதுக்கினார்.

"நாளைக்குக் காலையில நீங்க செத்துப்போங்க" என்றாள்.

"என்னது?"

"படகுல நீங்க இல்லை. நான் மட்டும்தான் இருக்கேன். நானே வெளியே கொண்டுபோறேன், நானே திருப்பிக் கொண்டுவந்து கட்டுறேன். கட்ட முடியலைன்னா இந்தப் பயணம் வேணாம், படகை வித்துடலாம். கட்டிட்டேன்னா, அந்தப் பம்ப்பை இனிமே தொடக்கூடாது."

மறுநாள் மழை விட்டிருந்தது. அவர் முன்தளத்தில் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நான் செத்தாச்சு" என்று அறிவித்தார்.

அவள் இன்ஜினைக் கிளப்பினாள். முன்கயிற்றை அவிழ்த்துவிட்டு, பின்கயிற்றை மறந்து, முடுக்கினாள். படகு விலுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பக்கவாட்டில் திரும்பியது.

"கயிறு! பின்னால கயிறு!"

"பொணம் பேசக்கூடாது!"

துறைச்சுவரில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவழியாக அவிழ்த்து, வெளியே கொண்டுபோய், அவர் ஒரு கையால் செய்வதை இரண்டு கையாலும் முழங்காலாலும் செய்து பாயை ஏற்றினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. இறக்கி மறுபடி ஏற்றினாள். திரும்பி வரும்போது வேகம் குறையவில்லை, துறையின் மரக்கட்டையில் படகின் விலா தேய்ந்து, போன மாதம் அவர் பூசிய நீல வண்ணம் நீளமாக உரிந்தது. முன்தளத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பொணம் முனகவும் கூடாது" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் கட்டிவிட்டாள். கோணலாக, பொத்துப் பொத்தென்று மோதி, கட்டிவிட்டாள். அவர் எழுந்து வந்து, உரிந்த வண்ணத்தைப் பார்க்கவே பார்க்காமல், "முடிச்சு சரியா போட்டிருக்கே" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

தினமும் போனார்கள். அவர் தினமும் செத்தார். நாலைந்து நாளில் வண்ணம் உரிவது நின்றது. அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். காலி டீசல் கேன் ஒன்றில் பாதி தண்ணீர் நிரப்பி, தன்னுடைய பழைய லிஃப்ட் கம்பெனி நீலச் சட்டையை அதற்கு மாட்டிப் பித்தான் போட்டார். "இதான் நான். எப்ப விழுவேன்னு சொல்லமாட்டேன்."

பாய் நிறையக் காற்றோடு போய்க்கொண்டிருக்கும்போது, அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தொப்பென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அந்தச் சட்டை தண்ணீரில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மிதந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே ஒரு அலைக்குப் பின்னால் போய், மறுபடி தெரிந்து, இன்னும் தூரமாகிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு சின்னதாகும் என்று அவள் நினைக்கவில்லை. அது கேன் என்று தெரியும். அவர் முன்தளத்தில் முழுசாக உட்கார்ந்திருப்பதும் தெரியும். இருந்தும் கை ஓடவில்லை.

அப்புறம் ஓடியது. மிதவையைத் தூக்கி எறிந்தாள். படகைக் காற்றின் முகத்துக்குத் திருப்பினாள், பாய் தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. பாயை இறக்கி, இன்ஜின் விசிறியில் சிக்குகிற மாதிரி தண்ணீரில் கயிறு எதுவும் கிடக்கிறதா என்று பார்த்து, இன்ஜினைப் போட்டு, கண்ணை அந்த நீலச் சட்டையிலிருந்து எடுக்காமல் சுற்றி வந்தாள். முதல் தடவை நேராக அதன் மேலேயே ஏற்றிவிட்டாள். இரண்டாவது தடவை எட்டவில்லை. மூன்றாவது தடவை கொக்கிக் கழியால் காலரைப் பிடித்து இழுத்து, கேனோடு பின்தளத்தில் போட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஈரச் சட்டை அவள் மடியில் கிடந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு நாளா இதைத்தான் நெனச்சிட்டிருந்தீங்களா?" என்று கேட்டாள். "நான் தனியா படகுல நிக்கறதை?"

அவர் தலையசைத்தார்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீயும் பயந்துட்டா?"

அவள் முகத்தைச் சட்டையாலேயே துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

மிஞ்சியது ஒரு சிக்கல். கேனைத் தூக்கலாம், எண்பது கிலோ மனுஷனை ஒரு பெண் எப்படித் தண்ணீரிலிருந்து தூக்குவது? அது அவருக்குப் பிடித்தமான கேள்வி. ஆயுசு முழுக்க ஆட்களை மேலே தூக்கிய மனுஷன். கப்பிகளை மாட்டி, பாய்மரத்தின் கயிற்றோடு சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தார். துறைமுகத்துக்குள்ளேயே, சட்டை கால்சட்டையோடு தண்ணீரில் குதித்தார். அவள் மேலிருந்து குனிந்து ஒரு இடுப்புப் பட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, கயிறு சுற்றும் உருளையின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அவர் தண்ணீர் வடிய வடிய, கொஞ்சம் கொஞ்சமாக, சுழன்றுகொண்டே மேலே வந்தார்.

கரையிலிருந்து வெல்டர் கத்தினார். "அக்கா, மீனு பெருசா இருக்கே, வெட்டி விக்கப் போறீங்களா?"

"வயசான மீனு, யாரு வாங்குவா?" என்றாள் அவள், சுற்றுவதை நிறுத்தாமல். அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அவர் சிரித்தார். வெகு நாளைக்கு அப்புறம் அப்படிச் சிரித்தார்.

அதற்கப்புறம் அவர் எதையும் பிரிக்கவில்லை. காற்று எப்போது மாறும் என்று மட்டும் காலையில் ரேடியோவைக் கேட்டார்கள்.

மூன்றாவது முறை யாரையும் அழைப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். மகள்தான் முதலில் சொன்னாள், போனில். "அம்மா, ரெண்டு தடவை அழுதாச்சு. மூணாவது தடவை அழுகை வரலைன்னா எனக்கே அசிங்கமா இருக்கும். எப்ப கிளம்பறீங்கன்னு சொல்லாதீங்க. கிளம்பிட்டு சொல்லுங்க."

"சரிடி."

"அப்பாகிட்ட தொப்பி போட்டுக்கச் சொல்லு."

"சரிடி."

"நீயும் போட்டுக்கோ."

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். சும்மா வந்தோம் என்றார்கள். படகில் இடமில்லாமல் அங்கேயே விட்டிருந்த பூ ஜாடியில் அண்ணி குடைகளைச் செருகி வாசலருகே வைத்திருந்தாள், கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சாப்பிட்டார்கள். அண்ணன் தன் முழங்கால் வலியைப் பற்றியும், மேல்மாடிக்காரர் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டதைப் பற்றியும் பேசினார். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், மச்சானின் தோளில் கை வைத்து, கொஞ்சம் கூடுதலாக ஒரு நொடி எடுக்காமல் இருந்தார்.

"பாத்துப் போங்க மச்சான்" என்றார். அவளிடம், "பாப்பா, படியில வெளிச்சம் இல்லை. பாத்து இறங்கு" என்றார்.

தெரிந்துவிட்டது அவருக்கு.

வேலை நாள், காலை. துறையில் வழக்கமான சத்தம். வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே முன்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அவளிடம் வீசினார். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். வேறெதுவும் சொல்லத் தெரியாமல், "சாயங்காலம் வந்துடமாட்டீங்களே?" என்றும் கேட்டுவைத்தார்.

துறைமுக வாயைத் தாண்டியதும் அவள் படகைக் காற்றுக்குத் திருப்பினாள், அவர் பாயை ஏற்றினார். இன்ஜினை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும் தண்ணீர் படகின் விலாவில் உரசும் ஒலி, கயிறு முனகும் ஒலி, அவ்வளவுதான். இன்ஜின் இல்லாமல் நகர்கிறோம் என்பதே முதலில் அவளுக்கு நம்பமுடியாததாக இருந்தது. பின்னால் ஊர் ஒரு வரிசைக் கட்டடங்களாகி, அப்புறம் வெள்ளையும் சாம்பலுமான ஒரு கோடானது. எந்தக் கட்டடம் தன்னுடையது என்று தேடினாள். கண்டுபிடித்த மாதிரி இருந்தது, ஆனால் நிச்சயமில்லை.

போன் சிக்னல் போவதற்குள் மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசட்டுமா?"

"அப்புறம் பேச முடியாது கண்ணு. கடல்ல இருக்கோம்."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம், கதவுச் சத்தம். மகள் தாழ்வாரத்துக்கு வந்திருக்க வேண்டும். "நிஜமாவா? திரும்பி வரலையே?"

"இல்லை. வரலை."

மூன்றாவது தடவையும் அழுகை வரத்தான் செய்தது, இரண்டு பக்கமும். "தொப்பி..." என்று மகள் ஆரம்பித்தாள். குரல் அறுந்து அறுந்து வந்து, பிறகு வரவில்லை. அவள் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்துவிட்டு, அணைத்து, மருந்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

மத்தியானம் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். அலை கொஞ்சம் நீளமாகியிருந்தது. துறைமுகத்துக்குள் இருந்தபோது குதித்ததுபோல் இல்லாமல், ஏதோ பெரிய உயிர் மூச்சு விடுவதுபோல் படகை ஏற்றி இறக்கியது. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு அவர் கொட்டாவி விட்டார்.

"நீ பாத்துக்கறியா? கொஞ்சம் படுக்கறேன்."

"போய்ப் படுங்க."

"காத்து ஏறினா..."

"பாயைக் குறைப்பேன்."

"கப்பல் ஏதாச்சும் வந்தா..."

"எழுப்புவேன். போங்க."

போனார். அவள் சுக்கானில் கை வைத்து உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம், அதுவும் ஒரே நீலமில்லை. மேகத்தின் நிழல் விழுந்த இடத்தில் கருநீலம், அலை திரும்பும் இடத்தில் கண்ணாடிப் பச்சை. தூரத்தில் ஒரு பறவை தண்ணீரை ஒட்டிப் பறந்து போனது. கரை இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள். எப்போது மறைந்தது என்று கவனிக்கவில்லை. உள்ளே, படகின் அடியிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. என்ன கழன்றது என்று ஒரு கணம் பதறி, காது கொடுத்துக் கேட்டாள்.

குறட்டை.

சீரான, முழுசான, கவலையே இல்லாத குறட்டை. அவள் தொப்பியைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, திசைகாட்டியைப் பார்த்து, படகை நேராகப் பிடித்தாள்.